நமீபியப் பாலைவனத்தில் பைக்கும் கூடாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நமீபியாவில் இரண்டு மூன்று வாரம் பைக்கில் சுற்றி, கூடாரத்தில் தங்கி வர விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். அந்த நாட்டில் இரண்டு முறை, இரண்டு முறையும் குளிர்காலத்தில், பைக் ஓட்டியிருக்கிறேன். முதல் முறை பார்க்க வேண்டிய இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அவற்றை இணைத்துக் கோடு போட்டேன். இரண்டாம் முறை பெட்ரோல் பங்குகளை முதலில் குறித்தேன். இரண்டு பயணங்களுக்கும் இருந்த வித்தியாசம் அங்கிருந்துதான் தொடங்கியது.

பாலைவனம் பல நாடுகளில் இருக்க, நமீபியா எதற்கு?

நம்மைப் போலவே அங்கும் சாலையின் இடப்பக்கமாக ஓட்டுகிறார்கள். ஆங்கிலம் ஆட்சிமொழி. சாலைகளில் பெரும்பகுதி சரளைதான் என்றாலும், அவற்றைச் சீர்செய்யும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பைக்கில் வருகிறவர் கூடாரம் அடிக்கத் தகுந்த முகாம் இடங்கள் நாடு முழுவதும் உண்டு.

இவை வசதிகள். உண்மையான காரணம் வெறுமை. நாட்டின் பரப்பு ஏறக்குறைய 8,25,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல் ஆறு மடங்குக்கும் மேல். 2023 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 30 லட்சம், அதாவது சென்னை மாநகரத்தில் வாழ்பவர்களைவிடக் குறைவு. அதிலும் பெரும்பாலோர் வடக்கிலும் தலைநகரான விண்ட்ஹூக்கிலும் இருப்பதால், மேற்கே அட்லாண்டிக் கடலை ஒட்டிக் கிடக்கும் நமீப் பாலைவனத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் எதிரே ஒரு வண்டி வராமல் போகலாம். இந்த வெறுமைக்காகத்தான் போகிறோம். பெட்ரோலுக்கும் தண்ணீருக்கும் நாம் அஞ்ச வேண்டியதும் இதே வெறுமையால்தான்.

எந்த மாதத்தில் போவது?

மே முதல் செப்டம்பர் வரை. இது அவர்களுடைய குளிர்காலம். மழை இருக்காது, பகலில் 20 முதல் 25 டிகிரி வரை இதமாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை உள்நாட்டில் 40 டிகிரியைத் தொடும் வெயிலில், தலைக்கவசமும் தடித்த ஜாக்கெட்டும் அணிந்து பைக் ஓட்டுவது தண்டனை. அந்த மாதங்களில்தான் மழையும் பெய்யும். மழை நாம் நிற்கும் இடத்தில் பெய்ய வேண்டும் என்பதில்லை. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மலையில் பெய்தாலே, வறண்டு கிடந்த ஆற்றுப்படுகை சில மணி நேரத்தில் பெருக்கெடுத்துச் சாலையை அறுத்துவிடும்.

குளிர்காலத்துக்கும் அதற்கென்று விலை உண்டு. விண்ட்ஹூக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உள்நாட்டு மேட்டு நிலத்தில் ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். காலையில் கூடாரத்தின் வெளித்துணியைத் தொட்டால் மெல்லிய பனிக்கட்டி விரலில் ஒட்டும். கடற்கரையில் வேறு கதை: பெங்குவேலா என்ற குளிர்ந்த கடல் நீரோட்டத்தின்மேல் உருவாகும் மூடுபனி பல கிலோமீட்டர் உள்ளே வந்து, பாலைவனத்தில் மழைக்கோட்டு போட வைக்கும்.

பகல் குறுகியது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஜூன் மாதத்தில் விண்ட்ஹூக்கில் காலை ஏழரை மணி அளவில்தான் சூரியன் எழும். மாலை ஆறேகாலுக்குள் மறையும்.

விசா, உரிமம், தடுப்பூசி பற்றி என்ன செய்ய வேண்டும்?

விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே விசாவை முடிவுசெய்யுங்கள். 2025 ஏப்ரல் முதல் விசா விதிகள் மாறி, முன்பு விசா இல்லாமல் நுழைந்த பல நாட்டவர்களும் இப்போது விசா பெற வேண்டியிருக்கிறது. ஆகவே பழைய பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம்.

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் தங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். ஓர் ஆண்டுக்குச் செல்லும். அதில் இருசக்கர வாகனப் பிரிவில் முத்திரை இருக்கிறதா என்பதைக் கையில் வாங்கும்போதே பாருங்கள். காருக்கு மட்டும் முத்திரை குத்திய அனுமதியோடு வாடகைக் கடையின் முன் நின்ற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

நமீபியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அங்கே போகும் மலிவான விமானங்கள் பலவும் எத்தியோப்பியா, கென்யா போன்ற மஞ்சள் காய்ச்சல் நாடுகள் வழியாகச் செல்கின்றன. போகும் இடத்திலும், திரும்பும்போது இந்திய விமான நிலையத்திலும் சான்றிதழ் கேட்கப்படலாம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். மலேரியா நாட்டின் வடபகுதியில்தான், அதுவும் மழைக்காலத்தை ஒட்டித்தான் அதிகம். தெற்கிலும் கடற்கரைப் பாலைவனத்திலும் அந்தக் கவலை இல்லை.

நம்முடைய பைக்கையே கப்பலில் அனுப்பலாமா?

வால்விஸ் பே துறைமுகம் இருப்பதால் அனுப்ப முடியும். ஆனால் கார்னே எனப்படும் சுங்க ஆவணம், அதற்கான பிணைத்தொகை, கப்பல் தாமதம் எல்லாவற்றையும் பார்க்கும்போது, ஆப்பிரிக்கா முழுவதையும் மாதக்கணக்கில் சுற்றுகிறவர்களுக்கே அது கட்டுப்படியாகும். மூன்று வாரப் பயணத்துக்கு விண்ட்ஹூக்கில் வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை. தென்னாப்பிரிக்காவில் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டியும் வரலாம்; அப்படியானால் வண்டியை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல உரிமையாளரின் கடிதம் வேண்டும். எல்லையில் வெளிநாட்டு வண்டிக்கான சாலை வரியும் கட்ட வேண்டும்.

கடையில் பெரும்பாலும் 800 சிசிக்கு மேற்பட்ட கனமான வண்டிகளைக் காட்டுவார்கள். மூட்டை முடிச்சுகளோடு 250 கிலோவைத் தாண்டும் வண்டி மணலில் சாய்ந்தால் தனியாளாகத் தூக்கி நிறுத்த முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 400 முதல் 700 சிசி வரையிலான, உயரம் ஒத்துவரும் வண்டி போதும். சரளைச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றிருக்கும்போது, மிச்சமுள்ள குதிரைத் திறனைச் சும்மா சுமந்துகொண்டு திரிவானேன்?

முதல் முறை போகிறவர்களுக்கு எந்த வழி நல்லது?

நாட்டின் தெற்கையும் வடமேற்கையும் ஒரே பயணத்தில் முடித்துவிட ஆசைப்படாதீர்கள். எல்லாரும் அப்படித்தான் திட்டம் போடுகிறார்கள். இரண்டாம் வாரத்தில் எல்லாரும் களைத்துப்போய்த் தார்ச்சாலையில் ஏறித் தலைநகருக்குத் திரும்புகிறார்கள். பதினான்கு நாள் கையில் இருந்தால் மேற்குச் சுற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,700 கிலோமீட்டர் அளவில் வரும்.

விண்ட்ஹூக்கிலிருந்து தென்மேற்காக இறங்கும்போது ஸ்ப்ரீட்ஸ்ஹூக்டே கணவாய் வரும். அதன் உச்சியில் நின்றால் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே நமீப் சமவெளி விரிந்து கிடக்கும். இழுவை வண்டிகளுக்கு அந்தக் கணவாயில் அனுமதி இல்லை என்பதிலிருந்தே சரிவைப் புரிந்துகொள்ளலாம். முதல் கியரில், பின் பிரேக்கை நம்பி இறங்க வேண்டும். அடிவாரத்தைத் தாண்டினால் சாலிடேர். ஊர் என்று சொன்னால் ஊருக்கே சிரிப்பு வரும்: ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கடை, ஒரு பேக்கரி, மணலில் புதைந்து துருப்பிடித்த பழைய கார்கள். அந்த பேக்கரியின் ஆப்பிள் பை நாடு முழுவதும் பேர்போனது. அங்கிருந்து தெற்கே 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால், சோசஸ்ஃப்ளே மணல்மேடுகளின் வாயிலான செஸ்ரியம்.

செஸ்ரியத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டு, வந்த வழியே சாலிடேருக்குத் திரும்பி, சி 14 சாலையைப் பிடித்து வால்விஸ் பே போக வேண்டும். 230 கிலோமீட்டர் அளவுள்ள இந்தத் துண்டில் மகரரேகைப் பலகையும், கௌப், குயிசெப் என்ற இரண்டு கணவாய்களும் உண்டு. பெட்ரோல் மட்டும் எங்கும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், சிறைவைக்கப்படுவதற்கு அஞ்சி ஹென்னோ மார்ட்டின், ஹெர்மன் கோர்ன் என்ற இரண்டு ஜெர்மானிய நிலவியலாளர்கள் இந்தக் குயிசெப் பள்ளத்தாக்கில்தான் இரண்டரை ஆண்டு ஒளிந்து வாழ்ந்தார்கள். ஒருவருக்கு ஊட்டச்சத்துக் குறைவால் நோய் முற்றவே வெளியே வந்தார்கள். கணவாயின் வளைவில் வண்டியை நிறுத்தி, அந்தக் கறுத்த பாறை மடிப்புகளைப் பார்க்கும்போது அவர்களுடைய துணிச்சலும் தெரியும், அவநம்பிக்கையும் தெரியும்.

பிறகு ஸ்வாகோப்முண்ட். வால்விஸ் பேயிலிருந்து 35 கிலோமீட்டர்தான். துணி துவைக்கவும் வண்டியைக் கழுவவும் ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள். அடுத்து 1,728 மீட்டர் உயரக் கருங்கல் மலையான ஸ்பிட்ஸ்கோப்பே. சிறந்த கூடார இடம் எது என்று கேட்டால் என் விடை இதுதான். அங்கிருந்து நாட்டின் மிக உயர்ந்த மலையான பிராண்ட்பெர்க்கின் அடிவாரத்தில் உள்ள உய்ஸ், 2007இல் உலகப் பாரம்பரியச் சின்னமான பாறைச் செதுக்கல்கள் உள்ள ட்வைஃபல்ஃபொன்டைன், கோரிக்ஸாஸ் என்று போய், தார்ச்சாலை பிடித்து அவுட்ஜோ வழியாகத் தலைநகர் திரும்பலாம்.

மேலும் ஒரு வாரம் இருந்தால் தெற்கே ஔஸ், லூடரிட்ஸ் பக்கம் நீட்டலாம். 1908இல் ரயில்பாதை வேலை செய்துகொண்டிருந்த சகரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி மணலில் ஒரு வைரம் கண்டெடுத்ததால் முளைத்து, 1956இல் கடைசிக் குடும்பமும் வெளியேறிய கோல்மான்ஸ்கோப் அங்கேதான் இருக்கிறது. அதன் வீடுகளுக்குள் சன்னல் உயரத்துக்கு மணல் குவிந்து நிற்கிறது. ஔஸிலிருந்து லூடரிட்ஸ் வரையிலான 125 கிலோமீட்டரும் நல்ல தார்ச்சாலைதான். ஆனால் பிற்பகலில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும், மணல் சாலையைக் குறுக்கே மூடும். காலையிலேயே ஓட்டி முடித்துவிடுங்கள். வழியில் தடைசெய்யப்பட்ட வைர நிலம் உண்டு என்பதால் சாலையை விட்டு இறங்கவும் கூடாது.

தேசியப் பூங்காக்களுக்குள் பைக்கில் போகலாமா?

போக முடியாது, திட்டம் போடுகிறவர்களில் பாதிப் பேர் வழுக்கி விழுவது இதில்தான். எடோஷாவில் பைக்குக்கு அனுமதி இல்லை. எலும்புக்கூட்டுக் கடற்கரைப் பூங்காவிலும் இல்லை. சிங்கமும் யானையும் நடமாடும் இடத்தில் இரண்டு சக்கரத்தில் ஒருவரை விடமாட்டார்கள் என்பது நியாயமே. செஸ்ரியத்திலும் முகாம் வரைதான் பைக். அங்கிருந்து மணல்மேடுகளுக்கு உள்ளே செல்லும் 60 கிலோமீட்டர் தார்ச்சாலைக்கும், அதற்கப்பால் உள்ள கடைசி ஐந்து கிலோமீட்டர் மணல்தடத்துக்கும் முகாமில் கிடைக்கும் சுற்றுலா ஜீப்பில் இடம் பிடிக்க வேண்டும். இதை முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.

பூங்காக்களின் ஊடே செல்லும் பொதுச் சாலைகளுக்கு இந்தத் தடை இல்லை. நமீப்-நௌக்லுஃப்ட் பூங்காவுக்குள் புகுந்து செல்லும் சி 14 அப்படிப்பட்ட ஒன்று. எனவே வரைபடத்தில் பச்சையைப் பார்த்ததும் ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் பொதுச் சாலையை விட்டுக் கிளைத்தடத்தில் திரும்பக் கூடாது. வடமேற்கில் வறண்ட ஆற்றுப்படுகைகளின் வழியே போகும் ஜீப் தடங்களையும் கனவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாலைவன யானைகள் நடக்கின்றன.

சரளைச் சாலையில் ஓட்டிப் பழக்கம் இல்லை. சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் முதல் இரண்டு நாள் உங்கள் கைகள் அதை நம்பாது.

நாட்டின் சாலைகளுக்கு எழுத்து வைத்திருக்கிறார்கள். பி என்று தொடங்குபவை தார். சி பெரும்பாலும் நன்கு பராமரிக்கப்படும் சரளை. டி சிறிய சரளைச் சாலை அல்லது மண் தடம். சரளையில் நான்கு வகை இடர் வரும். முதலாவது, வரிவரியான அதிர்வு மேடுகள். கார்கள் தொடர்ந்து ஓடுவதால் சாலையின் குறுக்கே துணி துவைக்கும் கல்லின் வரிகளைப் போல உருவாகும் இவை, மெதுவாகப் போனால் பல்லையே உதிர்த்துவிடும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் சக்கரம் மேடுகளின் தலையைத் தொட்டுக்கொண்டு போவதால் அதிர்வு குறையும். ஆனால் அப்போது தரையில் பிடிப்பும் குறைகிறது, திருப்பத்தில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். இரண்டாவது, சாலை சீர்செய்யும் இயந்திரம் விட்டுச்செல்லும் சரளை வரப்பு. மூன்றாவது, திடீரென்று வரும் மணல் திட்டு. டி 707 சாலை செம்மணலும் டிராஸ் மலைகளுமாகக் கண்ணைப் பறிக்கும் என்பதாலேயே எச்சரிக்கிறேன். அங்கே மணல் திட்டுகள் வரும்போது கண் மலையில் இருக்கும். நான்காவது, எதிரே வரும் லாரியின் தூசி. அதற்குள் நுழைந்தால் சில நொடிகள் ஒன்றுமே தெரியாது. ஓரமாக நின்று இரண்டு நிமிடம் காத்திருப்பதைவிட நல்ல உத்தி கிடையாது.

ஓட்டும் முறை இதுதான்: கால்மிதியில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கை அணைத்து, கைப்பிடியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. ஐம்பது அறுபது மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். மணலில் வண்டி பாம்பாக நெளியத் தொடங்கினால் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்து, எடையைப் பின்னால் தள்ளுங்கள். டயர் காற்றைச் சரளைக்கு 26 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கலாம். தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும். இதற்காகப் பேட்டரியில் ஓடும் சிறிய காற்றடிப்பான் ஒன்று அவசியம்.

முதல் பயணத்தின் நான்காம் நாள், சாலிடேருக்கு அருகில், மெதுவாகப் போய்க்கொண்டிருந்த ஒரு டிராக்டரை முந்துவதற்காகச் சாலையின் நடுவிலிருந்த சரளை வரப்பைச் சாய்வாகக் கடந்தேன். வேகம் 50தான் இருக்கும். முன்சக்கரம் வரப்பில் ஏறவில்லை. அதன் ஓரமாகவே வழுக்கி ஓடியது. அடுத்து நான் பார்த்தது வானம். காயம் ஒன்றுமில்லை, கிளட்ச் லீவர் பாதியில் முறிந்திருந்தது, இடப்பக்கப் பெட்டி நசுங்கி வாய் திறந்து, அரிசி முழுவதும் சரளையில் சிந்திக்கிடந்தது. டிராக்டர்க்காரர் இறங்கி வந்து, வண்டியைத் தூக்க உதவிவிட்டு, அரிசியைப் பார்த்துத் தலையசைத்தார். வரப்பைக் கடக்க வேண்டுமென்றால் முடிந்தவரை நேர்க்குத்தாக, எழுந்து நின்றுகொண்டு கடக்க வேண்டும்; இல்லையென்றால் கடக்கவே வேண்டாம். உதிரி லீவர்கள் எப்போதும் பெட்டியில் இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போகலாம்?

சரளையில் 200. தார்ச்சாலையில் 350. இதற்கு மேல் போட்டால் கூடாரம் அடிப்பது இருட்டில்தான். மாலை நான்கு மணிக்கு முகாமில் இருக்க வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாயும் நேரத்தில் குடு என்னும் பெரிய மான்கள் சாலையோரப் புதரிலிருந்து பாய்ந்து வரும். ஆண் குடு 200 கிலோவைத் தாண்டும். இரவில் ஓட்டவே கூடாது. வாடகை ஒப்பந்தங்களில் பலவும் இரவு விபத்துக்குக் காப்பீடு கிடையாது என்று சொல்வதும் இதனால்தான்.

பெட்ரோலுக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

டேங்கின் கொள்ளளவு 16 லிட்டர், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றால் தாளில் 320 கிலோமீட்டர் வரும். எதிர்க்காற்று, மணல், மூட்டை ஆகியவற்றுக்காக அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 250 கிலோமீட்டர்தான் நம்பக்கூடியது. மேற்குச் சுற்றில் மிக நீளமான வெற்றிடம் சாலிடேருக்கும் வால்விஸ் பேக்கும் இடையிலான 230. எனவே ஐந்து லிட்டர் கேன் ஒன்று கட்டாயம். டேங்க் பாதி இருந்தாலும், வழியில் பங்க் கண்டால் நிரப்பிவிடுங்கள். அடுத்த பங்கில் இருப்பு தீர்ந்திருக்கலாம், மின்சாரம் நின்றிருக்கலாம். சிறிய ஊர்களில் அட்டை வேலை செய்யாத நாளும் உண்டு என்பதால் ரொக்கம் தனியாக இருக்கட்டும். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒரே மதிப்பு. நமீபியாவில் இரண்டும் செல்லும். ஆனால் எல்லை தாண்டினால் நமீபிய டாலரை வாங்கமாட்டார்கள், ஆகவே கடைசி நாளுக்குள் செலவழித்துவிடுங்கள்.

தண்ணீரும் உணவும்?

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு லிட்டர். வண்டி பழுதாகி ஓர் இரவு வழியில் தங்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்து, அதற்கு மேல் நான்கு லிட்டர். பத்து லிட்டர் என்பது பத்து கிலோ. அதை உயரத்தில் கட்டினால் மணலில் வண்டி ஆடும். இரண்டாகப் பிரித்து, இருபுறப் பெட்டிகளிலும் அடியில் வையுங்கள். ஊர்களில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பண்ணை முகாம்களில் சில கிணறுகள் உப்புக் கரிக்கும், அதில் காபி போட்டால் தெரியும்.

சைவ உணவுக்காரர்கள் அஞ்ச வேண்டாம். ஊர்ப் பேரங்காடிகளில் அரிசி, பருப்பு, வெங்காயம், முட்டை எல்லாம் கிடைக்கும். வீட்டிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டு போனால் போதும். அங்கே மகாங்கு என்ற பெயரில் மாவு விற்பதைப் பார்த்தால் வாங்கிப் பாருங்கள். அது நம் கம்புதான். வடநமீபியாவின் அன்றாட உணவே அந்த மாவில் கிளறும் களி. குளிர் நடுக்கும் இரவில் ஸ்பிட்ஸ்கோப்பே பாறையடியில் கம்பங்களியும் ஊறுகாயும் சாப்பிட்டது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

அசைவம் சமைப்பவர்களுக்கு ஒரு விதி: கால்நடை நோய்த் தடுப்புக்காக நாட்டின் குறுக்கே ஒரு வேலி ஓடுகிறது. வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுவர அனுமதி இல்லை. சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

எரிவாயு உருளையை விமானத்தில் கொண்டு போக முடியாது. விண்ட்ஹூக்கில் வாங்கிக்கொள்ளுங்கள். விறகும் முகாம்களில் விலைக்குக் கிடைக்கும்; காய்ந்து கிடக்கிறதே என்று ஆற்றுப்படுகையில் பொறுக்காதீர்கள். அந்த நிலத்தில் பட்டமரமும் பல உயிர்களுக்கு வீடு, விறகுக்குள் தேளும் இருக்கும்.

எப்படிப்பட்ட கூடாரம் வேண்டும்?

ஆணி அடிக்காமலே தன் கம்பிகளில் தானாக நிற்கும் கூடாரம். மணலில் ஆணி நிற்காது, சரளையில் இறங்காது. துணிப்பைகளில் மணல் நிரப்பி நான்கு மூலையிலும் கட்டுவதே பயன்படும். மாலையில் காற்று எழும் என்பதால் வாசலைக் காற்று வரும் திசைக்கு மறுபக்கம் வையுங்கள். கொசுவலை மட்டும் உள்ள கோடைக்காலக் கூடாரத்தில் நுண்மணல் மாவு போல உள்ளே இறங்கும். உறைபனிக்குக் கீழே ஐந்து டிகிரி வரை தாங்கும் உறக்கப்பையும், தரைக் குளிரைத் தடுக்கும் மெத்தையும் வேண்டும். இந்த இரண்டில் காசு மிச்சம் பிடித்தவர்கள் விடியும் வரை நட்சத்திரங்களை எண்ணியிருக்கிறார்கள்.

முகாமில் மற்ற எல்லாரும் ஜீப்பின் கூரைமேல் விரியும் கூடாரத்தில் தங்கி, குளிர்பெட்டியிலிருந்து ஏதேனும் எடுத்துக் குடித்துக்கொண்டிருப்பார்கள். பைக்கில் வந்தவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அழைப்பார்கள். தயங்காமல் போங்கள்.

கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கலாமா?

பார்க்க வெறுமையாக இருந்தாலும் நிலம் யாருக்கோ உரியது: வேலியிட்ட தனியார் பண்ணை, ஊர்ச் சமூகத்தின் பாதுகாப்பு நிலம், இல்லையென்றால் பூங்கா. பூங்காக்களில் குறித்த முகாம்களுக்கு வெளியே தங்குவது குற்றம். பண்ணை என்றால் வாயிற்கதவுக்குப் போய் அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். திறந்து போன கதவை மூடிவிட்டுப் போவது அங்கே மரியாதையின் முதல் பாடம். எந்த நிலையிலும் வறண்ட ஆற்றுப்படுகையில் கூடாரம் வேண்டாம். வெள்ளம் ஒரு காரணம், யானை இன்னொரு காரணம்.

பாம்பு, தேள், விலங்குகள்?

குளிர்காலத்தில் பாம்பைப் பார்ப்பதே அரிது. தேள் விஷயத்தில் ஓர் அடையாளம் உதவும்: முன்பக்க இடுக்கிகள் மெலிந்து வால் தடித்திருந்தால் அது ஆபத்தானது. காலையில் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டாமல் கால் நுழைக்காதீர்கள். பூட்ஸை வெளியே விடவும் கூடாது. செஸ்ரியத்தில் என் நண்பரின் இடது பூட்ஸை நரி தூக்கிப்போய், முகாமின் அடுத்த மூலையில் கடித்துப் போட்டிருந்தது. மீதிப் பயணம் முழுவதும் அந்த பூட்ஸின் நாக்கு இல்லாமலே ஓட்டினார்.

கைபேசி எடுக்குமா? செயற்கைக்கோள் கருவி கொண்டு போகலாமா?

ஊர்களில் எடுக்கும், இடையில் எடுக்காது. நான்கு மணி நேரம் தொடர்பற்று இருப்பது இயல்பு. வீட்டில் இருப்பவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிவைத்துக்கொள்வதோடு, காகித வரைபடம் ஒன்றும் இருக்கட்டும்.

அவசர உதவிக்குச் செயற்கைக்கோள் கருவி மிகவும் பயன்படும். ஆனால் இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். தெரியாமல் பையில் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள். ஆகவே ஊரிலிருந்து கொண்டுபோகவும் வேண்டாம், அங்கே வாங்கி ஊருக்குக் கொண்டுவரவும் வேண்டாம். விண்ட்ஹூக்கில் வாடகைக்கு எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விழுந்து அடிபட்டால்?

பெரிய மருத்துவமனைகள் விண்ட்ஹூக், ஸ்வாகோப்முண்ட் போன்ற சில ஊர்களில்தான். இடையில் அடிபட்டால் பல மணி நேரப் பயணம், இல்லையென்றால் சிறு விமானம். அந்த விமானச் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பக் கூடாது. நம் ஊர்ப் பயணக் காப்பீடுகளில் பலவற்றில், ஒரு குறிப்பிட்ட சிசிக்கு மேற்பட்ட பைக்கை ஓட்டும்போது நேரும் விபத்துக்கு இழப்பீடு இல்லை என்ற வரி சிறு எழுத்தில் இருக்கும். முகவர் வாயால் சொல்வதை நம்பாமல், எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வண்டியைத் தினமும் எப்படிக் கவனிப்பது?

மாலையில் முகாம் சேர்ந்ததும், டென்ட் அடிப்பதற்கு முன், பத்து நிமிடம். ஏர் ஃபில்டரைத் தட்டுங்கள், செயினைத் துடையுங்கள், எல்லா நட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். அதிர்வு மேடுகள் நட்டுகளைக் கழற்றுவதில் கைதேர்ந்தவை; நம்பர் பலகை, கண்ணாடி, பெட்டித் தாங்கி மூன்றும் முதலில் போகும். செயினுக்கு எண்ணெய் அதிகம் விட்டால் மணல் ஒட்டி அரத்தைப் போல அறுக்கும். கடற்கரையை விட்டுக் கிளம்பும்போது நல்ல தண்ணீரில் முழுவதும் கழுவிவிடுங்கள். உப்புக்காற்று ஒரே வாரத்தில் திருகாணிகளில் துருவை ஏற்றிவிடும். பஞ்சர் ஒட்டுவதை ஊரிலேயே ஒருமுறை உங்கள் கையால் செய்து பழகுங்கள். அங்கே கூரான கற்கள் உண்டு, பஞ்சர் கடை கிடையாது.

தனியாகப் போகலாமா?

தார்ச்சாலைகளிலும் பெரிய சி சாலைகளிலும் தனியாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வழியில் வண்டியை ஓரம் கட்டி நின்றால், எதிரே வரும் முதல் கார் நின்று, என்ன உதவி வேண்டும் என்று கேட்கும். அந்த நாட்டில் அது எழுதப்படாத வழக்கம். நீங்களும் அப்படி நிற்க வேண்டும். ஆனால் டி சாலைகளில் அந்த முதல் கார் நாளை காலைதான் வரும் என்பதும் நடக்கும். ஆகவே டி சாலை வேண்டுமென்றால் இரண்டு பைக், இல்லையென்றால் ஒவ்வொரு காலையும் கிளம்பும் முகாமின் அலுவலகத்தில் இன்று எந்த வழியில் போகிறேன், எங்கே தங்குவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சேர்ந்ததும் அவர்களுக்குச் செய்தி அனுப்புங்கள். சாலிடேர் அருகே நான் விழுந்த அன்று அப்படி எழுதிக் கொடுத்திருந்தேன். நான்கு மணிக்குள் சேராததால், முறிந்த லீவரோடு முதல் கியரில் நான் ஊர்ந்து வந்துகொண்டிருந்தபோது, முகாமிலிருந்து ஒரு பிக்அப் வண்டி எதிரே தேடி வந்துகொண்டிருந்தது.